டிடிஎஸ் மீட்டருக்குத் தெரியாதது: நம் ஊர்த் தண்ணீரில் ஹார்மோன் குழப்பிகளைத் தேடுவது எப்படி

நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், கிணற்று மேட்டில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். தோட்டத்துக்காரர் சட்டைப் பையிலிருந்து டிடிஎஸ் மீட்டரை எடுத்து வாளியில் விட்டுப் பார்த்தார். "ஏனுங் தம்பி, முன்னைக்கு இப்பத் தேவலைங்களே, சாயக் கலரும் இல்லீங்க, இன்னும் என்னத்தத் தேடறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் சிவப்பும் நீலமுமாக ஓடியதைப் பார்த்த மனுசருக்கு, நிறமில்லாத தண்ணீரே பெரிய ஆறுதல். அவருக்கு அன்று நான் சொன்னதையும், சொல்ல நேரம் இல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வாய்க்கால் பாசனக்காரர்கள் என்று புதிதாக இந்த வேலையில் இறங்குகிற யாருக்கும் இது உதவும்.

என்னைப் பற்றி ஒரு வரி: திருப்பூரில் துணி சோதிக்கும் லேபில் பல வருஷம் வேலை பார்த்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களோடு ஆற்றங்கரைக்குப் போகிறேன்.

டிடிஎஸ் மீட்டர் பார்ப்பது கரைந்த உப்பை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்து அது கணக்குப் போடுகிறது. நாம் தேடும் பொருட்கள் உப்பு அல்ல, மின்சாரத்தையும் கடத்தாது, அளவும் மிக மிகக் குறைவு. ஒரு லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி 83,000 லாரித் தண்ணீரில் ஒரே ஒரு கிராம். அந்த அளவிலேயே மீனின் உடம்பு மாறும். அதனால் கண், மூக்கு, நாக்கு, மீட்டர் எதையும் இதில் நம்பக் கூடாது.

எதைத் தேடுகிறோம்

ஹார்மோன் சாவி மாதிரி, செல்லுக்குள் இருக்கும் ஏற்பி பூட்டு மாதிரி. சாவி சேர்ந்தால் செல் வேலையைத் தொடங்கும். சில வெளிப் பொருட்கள் கள்ளச்சாவியாகப் போய் அதே பூட்டைத் திறந்துவிடும், சில அந்தப் பூட்டை அடைத்துக்கொள்ளும். இவற்றைத்தான் ஹார்மோன் குழப்பிகள் என்கிறேன். பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல நடிப்பவைதான் தண்ணீரில் அதிகம் ஆராயப்பட்டவை, புதியவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

நம் பக்கத்தில் இவை எங்கிருந்து வரும்? முதலில் நாமேதான். மனிதர் உடம்பிலிருந்தும் மாடு கன்றுகளிலிருந்தும் சிறுநீரோடு எஸ்ட்ராடையால், எஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜன்கள் வெளியே வருகின்றன. சிறுநீரில் அவை பெரும்பாலும் பூட்டு திறக்காத இணைப்பு வடிவில்தான் இருக்கும், சாக்கடையில் உள்ள பாக்டீரியா அந்த இணைப்பை வெட்டிவிட்டால் மறுபடி உயிர் பெறும். கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையால் இன்னும் வீரியமானது. பல்லடம், நாமக்கல் பக்கத்துக் கோழி எருவிலும் இயற்கை ஹார்மோன்கள் உண்டு, மழையில் அடித்துக்கொண்டு ஓடைக்கு வரும். பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்பீனால்-ஏ, தாலேட்டுகள். பழைய பூச்சி மருந்துகளில் டிடிடி, எண்டோசல்பான். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-லேயே நிறுத்தச் சொல்லிவிட்டது.

அப்புறம் நம் தொழிலுக்கே உரிய ஒன்று: நோனைல்பீனால். சாயப்பட்டறையிலும் சலவைப் பட்டறையிலும் துணி நன்றாக நனையவும் எண்ணெய்ப் பிசுக்கு போகவும் 'வெட்டிங் ஆயில்' ஊற்றுவார்கள். அதில் ஒரு வகை நோனைல்பீனால் எத்தாக்சிலேட். இது நீண்ட வால் உள்ள மூலக்கூறு, அப்படியே இருக்கும்போது ஹார்மோன் வேலை குறைவு. கழிவுநீரில் நுண்ணுயிர்கள் அந்த வாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், மிச்சமாகும் நோனைல்பீனால்தான் கள்ளச்சாவி. தாய்ப் பொருளைவிடச் சிதைந்த பொருள் மோசம், சீக்கிரம் அழிவதும் இல்லை, சேற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம், துவைக்கக்கூடிய துணிகளில் இது எடையில் 0.01 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரி முதல் தடை போட்டிருக்கிறது. அங்கே துணியைத் துவைக்கும்போது அவர்கள் ஆற்றில் கலக்கிறது என்பதுதான் காரணம். அந்தத் துணி முதல் அலசல் வாங்குவது நம் ஊரில். அவர்கள் ஆற்றுக்கு இவ்வளவு கவனம் என்றால் நம் ஆற்றுக்கும் அதே கவனம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதால்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

இந்தப் பொருளின் குணம் தெரியவந்த விதமும் நாம் மனதில் வைக்க வேண்டியது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் இருவரும் மார்பகப் புற்றுச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் சேர்த்தால் மட்டும் பெருக வேண்டிய செல்கள், சேர்க்காமலே பெருகத் தொடங்கின. தேடித் தேடிப் பார்த்தால், அவர்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் சோதனைக் குழாயிலிருந்து நோனைல்பீனால் கசிந்திருந்தது. 1991-ல் இதை வெளியிட்டார்கள். அதாவது, சோதிக்கிற பாத்திரமே சோதனையைக் கெடுக்கும். இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் நாள் நோட்டு மட்டும் போதும்

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "நொய்யல் கெட்டிருக்கிறதா" என்பது கேள்வியே அல்ல. "எங்கள் ஊர்ச் சாக்கடை சேரும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் ஈஸ்ட்ரோஜன் வேலை எவ்வளவு வேறுபடுகிறது, கோடையில்?" இது கேள்வி. இதற்கு எத்தனை பாட்டில், எந்த மாதம், என்ன சோதனை என்று எல்லாம் தானாகவே வந்துவிடும்.

அப்புறம் நடந்து பாருங்கள். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூரைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. ஆலாந்துறைப் பக்கம் எடுக்கும் தண்ணீர் உங்களுக்கு ஒப்பீட்டுத் தண்ணீர். கோவை நகரத்துக்குக் கீழே ஒன்று, திருப்பூருக்குக் கீழே ஒன்று, ஒரத்துப்பாளையத்தில் ஒன்று என்று வைத்தால் ஒரு கோடு கிடைக்கும். பவானி, காளிங்கராயன் வாய்க்கால், அமராவதி எதுவானாலும் முறை இதுதான், மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே எடுக்காமல் கீழே மட்டும் எடுத்த மாதிரியை வைத்து யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

நடக்கும்போது எழுத வேண்டியவை: எந்தக் குழாய் எங்கே விழுகிறது, நுரை எங்கே நிற்கிறது, ஆஸ்பத்திரி, கோழிப்பண்ணை, செப்டிக் டேங்க் லாரி கொட்டும் இடம், மாடு குளிப்பாட்டும் படித்துறை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபிறகு, பட்டறைகள் கழிவுநீரை முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டுக்கு மாறின. அதனால் எல்லாப் பழியையும் கண்ணை மூடிக்கொண்டு பட்டறை மேல் போடுவது தவறு. கோடையில் நொய்யலில் ஓடுவதில் பெரும்பகுதி ஊர்ச் சாக்கடை. உங்கள் நோட்டு இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

பிஹெச், டிடிஎஸ், கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை ஆகியவற்றையும் அளந்து வையுங்கள். ஹார்மோனைக் காட்டாவிட்டாலும், சாக்கடை எங்கே சேர்கிறது, உப்பு எங்கே ஏறுகிறது என்று வழி காட்டும். பாட்டில் எங்கே நனைய வேண்டும் என்று முடிவு செய்ய அது போதும்.

காலம் முக்கியம். மார்ச், ஏப்ரலில் ஒரு முறை, ஆற்றில் தண்ணீர் குறைந்து எல்லாம் செறிந்திருக்கும்போது. ஐப்பசி மழையின் முதல் வெள்ளத்தில் இன்னொரு முறை, எருவும் சேறும் கலைந்து வரும்போது. இரண்டும் வேறு வேறு கதை சொல்லும்.

பாட்டில்

இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் தவறுகிறோம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நான் முதல் முறை போனபோது குடிதண்ணீர் கேனில் பிடித்து வந்தேன். கூடவே, ஆற்றுக்கே போகாத சுத்தமான தண்ணீரையும் அதே மாதிரிக் கேனில் ஊற்றிச் சோதனைக்குப் போட்டேன். இரண்டிலும் பிஸ்பீனாலும் தாலேட்டும் வந்தன, சுத்தத் தண்ணீரில்தான் அதிகம். ஒரு மாத வேலை அத்தனையும் வீண். ஆனால் அந்தச் சுத்தத் தண்ணீர்க் கேன் மட்டும் இல்லாதிருந்தால், ஆற்றில் இவ்வளவு இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், ஒரு லிட்டர் அல்லது இரண்டரை லிட்டர். புதிதாக வாங்கக் காசில்லை என்றால் கல்லூரி வேதியியல் துறையிலோ மருந்து ஆய்வகத்திலோ கேளுங்கள், உயர்தர மெத்தனால் வந்த காலிப் பாட்டில்கள் மூலையில் அடுக்கிக் கிடக்கும். அவை இந்த வேலைக்குத் தங்கம். கழுவும்போது பாத்திரம் தேய்க்கும் சோப்பு எண்ணெய், லேபில் இருக்கும் ஏதோ ஒரு டிடர்ஜெண்ட் என்று எதையும் தொடாதீர்கள், நாம் தேடும் பொருள் அதற்குள்ளேயே இருக்கலாம். வெந்நீர், பிறகு வாலைவடி நீர், பிறகு அசிட்டோன், கடைசியாக மெத்தனால். மஃபிள் உலை (ஆய்வகத்து உயர்வெப்ப மின் உலை) இருந்தால் மூடியைக் கழற்றிவிட்டுப் பாட்டிலை 450 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் சுடுங்கள், ஒட்டியிருக்கும் கரிமப் பொருள் எல்லாம் எரிந்துபோகும். அலுமினியத் தாளையும் அதோடு சுட்டு எடுத்து, மூடிக்கும் வாய்க்கும் நடுவே வையுங்கள். மூடியின் உள்பக்கத்துப் பிளாஸ்டிக் தண்ணீரைத் தொடக் கூடாது.

அடுத்து வெற்று மாதிரி, அதாவது பாட்டிலும் கையும் சேர்த்த அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் சுத்தத் தண்ணீர். கண்ணாடிப் பாட்டிலில் விற்கும் குரோமட்டோகிராபித் தர நீரை (ஆய்வகக் கருவிகளுக்கான மிகத் தூய நீர்) ஒரு பாட்டிலில் ஊற்றி ஆற்றுக்கே எடுத்துப் போங்கள். அங்கே மாதிரி எடுக்கும் நேரம் முழுக்க அதைத் திறந்து வைத்திருந்து, பிறகு மூடி, மற்றவற்றோடு ஒரே பெட்டியில் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் கேனில் வரும் வாலைவடி நீர் இதற்கு உதவாது. பத்து பாட்டிலுக்கு ஒரு வெற்று மாதிரியாவது வேண்டும். செலவு அதிகம் என்று இதைக் குறைக்கச் சொல்வார்கள், ஆற்று மாதிரியில் ஒன்றை வேண்டுமானால் குறையுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆற்றில்

கிளம்பும் நாளில் உடம்பில் வாசனைத் தைலம், சன் ஸ்க்ரீன், கொசு மருந்து எதுவும் வேண்டாம். வழியில் பெட்ரோல் போட்டு ரசீது வாங்கினால், அந்த வழவழப்பான வெப்பத்தாளில் பிஸ்பீனால் தூளாகவே ஒட்டியிருக்கும், அதைத் தொட்ட கையோடு பாட்டில் வாயைத் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். சாக்கடை கலந்த தண்ணீரில் இறங்குகிறோம் என்பதால் அது உங்கள் பாதுகாப்புக்கும் வேண்டும். தனியாகப் போக வேண்டாம், வெள்ளத்தில் இறங்கவே வேண்டாம்.

ஓடும் தண்ணீரை எதிர்நோக்கி நில்லுங்கள், உங்கள் கால் கலக்கிய சேறு பின்னால் போய்விடும். பாட்டிலை மூடியபடியே ஒரு சாண் ஆழம் இறக்கி, அங்கே திறந்து, நிறைந்ததும் அங்கேயே மூடி எடுங்கள். மேலே மிதக்கும் நுரையை எடுத்தால் அளவு பொய்யாக ஏறும், நுரைப்புப் பொருட்கள் எல்லாம் அங்கேதான் கூடியிருக்கும். இன்னொன்று, பழக்க தோஷத்தில் ஆற்றுத் தண்ணீரையே ஊற்றி மூன்று முறை அலசுவோம். இந்த வேலைக்கு அது கூடாது. எண்ணெய்க் குணமுள்ள இந்தப் பொருட்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், அலசிய தண்ணீரிலிருந்து ஒட்டியதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

கிணறு என்றால் எஃகு வாளியில் சேந்துங்கள். போர் என்றால் மோட்டாரைப் பத்து நிமிஷமாவது ஓடவிட்டு, குழாயில் ஊறிக் கிடந்த தண்ணீர் போனபிறகு, மேல்தொட்டிக்குப் போகும் முன்னால் பிடியுங்கள். பச்சை ஹோஸைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். குளோரின் போட்ட குடிநீர் என்றால் லேபில் முன்கூட்டியே கேட்டுச் சோடியம் தயோசல்பேட் வாங்கிப் பாட்டிலில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் அவற்றை மாற்றிவிடும்.

ஒவ்வொரு இடத்திலும் இரட்டைப் பாட்டில். சீட்டில் இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர், வானிலை எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். தெர்மோகோல் பெட்டி, மீன் மார்க்கெட் ஐஸ், உடனே கிளம்புங்கள். பாக்டீரியா இந்த ஹார்மோன்களைத் தின்றுவிடும் என்பதால், 24 மணி நேரத்துக்குள் லேபில் கொடுப்பதுதான் புதியவர்களுக்குச் சரியான வழி. அமிலம் சேர்த்துப் பிஹெச் 2-க்கு இறக்கிவைக்கும் முறை உண்டு, அதை லேப்காரர்களிடம் விட்டுவிடுங்கள்.

முடிந்தால் சேறும் எடுங்கள். நோனைல்பீனால் தண்ணீரைவிடச் சேற்றில்தான் பல மடங்கு தங்கும். ஆறு வளைந்து மெதுவாகும் இடத்தில், மேல்படிவத்தில் இரண்டு விரல் கனம், எஃகுக் கரண்டியால் ஐந்தாறு இடத்தில் சுரண்டிக் கலந்து கண்ணாடி ஜாடியில் போடுங்கள். தண்ணீர் நேற்றைய செய்தி என்றால் சேறு பல வருஷத்து நாட்குறிப்பு. அணைக்கட்டுகளில் தேங்கிய சேற்றைப் பார்க்காமல் நொய்யலைப் பற்றிப் பேசவே முடியாது என்பது என் கருத்து.

லேபில் என்ன கேட்க வேண்டும்

ஒரு விவசாயி என்னிடம் கொண்டு வந்து காட்டிய அறிக்கையில் "பீனால் பொருட்கள்: இல்லை, டிடர்ஜெண்ட்: இல்லை" என்று இருந்தது. அவருக்கு நிம்மதி. எனக்குத்தான் மனசு ஆறவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு சோதனையும் நாம் தேடும் பொருளைப் பார்க்கவே முடியாதவை. வழக்கமான பீனால் சோதனையில் அமினோ ஆன்டிபைரின் என்ற பொருளைச் சேர்த்து நிறம் பார்ப்பார்கள். நோனைல்பீனாலில் நிறம் உண்டாக வேண்டிய அந்த இடத்திலேயே வால் உட்கார்ந்திருப்பதால் நிறம் சரியாக வராது. டிடர்ஜெண்ட் சோதனையோ எதிர்மின் வகையை மட்டும் பிடிக்கும், நம் வெட்டிங் ஆயில் மின்னில்லாத வகை. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இல் பீனாலுக்கும் டிடர்ஜெண்டுக்கும் வரம்பு உண்டு, நோனைல்பீனாலுக்கு என்று தனியாக இல்லை. அதனால் "குடிநீர் முழுச் சோதனை" என்று கேட்டால் இது வராது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேட்கும் வாசகம் இப்படி இருக்கட்டும்: "நோனைல்பீனால், ஆக்டைல்பீனால், பிஸ்பீனால்-ஏ ஆகியவற்றை ஐஎஸ்ஓ 18857 முறையிலோ அதற்கு இணையான முறையிலோ பார்க்க முடியுமா? தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை நானோகிராம் வரை உங்களால் அளக்க முடியும்? வெற்று மாதிரியின் முடிவையும் மீட்பு சதவீதத்தையும் அறிக்கையில் தருவீர்களா?" மீட்பு சதவீதம் என்பது, தெரிந்த அளவு பொருளைத் தண்ணீரில் கலந்து சோதித்தால் அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்ற கணக்கு. அளவீட்டு எல்லை மில்லிகிராமில் சொன்னால் அந்த லேப் இதற்கு ஆகாது. என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறது என்பதோடு விடாதீர்கள், இந்தப் பொருளுக்கு, தண்ணீருக்கு, அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏற்றுமதித் துணிக்கு வாங்குபவர்கள் கேட்பதால், திருப்பூரிலும் கோவையிலும் துணியில் இந்த எத்தாக்சிலேட்டையும் தாலேட்டையும் அளக்கும் லேப்கள் ஏற்கெனவே உள்ளன. கருவி ஏறக்குறைய அதேதான், கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் மூலக்கூறு எடையால் அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் அல்லது ஜிசி-எம்எஸ். துணிக்குக் கிலோவுக்கு மில்லிகிராம் அளவு, தண்ணீருக்கு நானோகிராம் அளவு என்பதால் முன்னால் ஒரு செறிவூட்டும் படி வேண்டும், அவ்வளவே. ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டி, விரல் அளவுள்ள சி18 அல்லது எச்எல்பி கார்ட்ரிட்ஜ் வழியாக மெதுவாக இழுப்பார்கள். நாம் தேடும் பொருட்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் மெத்தனாலால் கழுவி இறக்கி, நைட்ரஜன் ஊதி அரை மில்லிலிட்டராகச் சுருக்குவார்கள். 2,000 மடங்கு செறிவு. கருவி அந்தச் சாற்றில் மில்லிலிட்டருக்கு 600 நானோகிராம் என்று காட்டினால், அரை மில்லியில் 300, அதாவது ஆற்றில் லிட்டருக்கு 300 நானோகிராம். இந்தக் கணக்கை நீங்களே ஒரு முறை போட்டுச் சரிபாருங்கள், அறிக்கையில் தசமப் புள்ளி இடம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஈஸ்ட் காட்டும் சிவப்பு

கருவி, நாம் பெயர் சொன்ன பொருளை மட்டும் அளக்கும். பெயர் தெரியாத கள்ளச்சாவிகள் எத்தனையோ உண்டு. எல்லாம் சேர்ந்து பூட்டை எவ்வளவு திறக்கின்றன என்று பார்க்க உயிர்ச் சோதனை வேண்டும். அப்பத்துக்குப் போடும் ஈஸ்ட்டின் உறவுதான் இதுவும், அதற்குள் மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவை வைத்திருப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் போல எது வந்தாலும் ஈஸ்ட் ஒரு நொதியைச் சுரக்கும், அது மஞ்சள் சாயத்தைச் சிவப்பாக்கும். 96 குழி உள்ள தட்டு, மூன்று நாள் வரை அடைகாப்பு, காலையில் திறந்தால் ஒரு வரிசை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும் ஆரஞ்சிலிருந்து அடர் சிவப்புக்கும் படிப்படியாகப் போயிருக்கும். முதல் முறை பார்த்த மாணவி ஒருத்தி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். ஆற்றில் கண்ணுக்கே தெரியாத ஒன்று அவள் கையில் நிறமாக இருந்தது.

2018-ல் வந்த ஐஎஸ்ஓ 19040 இந்த முறையைத் தரப்படுத்தியிருக்கிறது. மரபணு மாற்றிய ஈஸ்ட் என்பதால் கல்லூரியின் உயிர்ப்பாதுகாப்புக் குழு அனுமதியோடு, நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்குள்தான் செய்ய வேண்டும், வீட்டில் செய்யும் வேலை அல்ல.

நம் ஊருக்கு இரண்டு எச்சரிக்கை. மாதிரியில் ஈஸ்டைக் கொல்லும் நஞ்சு இருந்தால் ஈஸ்ட் செத்து, சிவப்பு வராது, தண்ணீர் நல்லது என்று ஏமாந்துபோவோம். அதனால் ஈஸ்ட் வளர்ந்ததா என்று கலங்கலையும் கூடவே அளக்க வேண்டும். இரண்டாவது, சாயத்தின் மிச்சம் இருந்தால் அந்த நிறமே கருவியை ஏமாற்றும். ஈஸ்ட் போடாமல் மாதிரி மட்டும் உள்ள குழிகளை ஒதுக்கி வைத்து, அந்த நிறத்தைக் கழிக்க வேண்டும்.

மீனைப் பாருங்கள்

முட்டைக் கருவுக்கான விட்டலோஜெனின் என்ற புரதத்தைப் பெண் மீனின் ஈரல்தான் செய்யும். ஆண் மீனின் ரத்தத்தில் அது இருந்தால், அந்தத் தண்ணீரில் ஈஸ்ட்ரோஜன் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கனடாவில் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றில், 2001 முதல் மூன்று கோடைக்குக் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் இருக்குமாறு சேர்த்துப் பார்த்தார்கள். ஆண் மீன்களில் இந்தப் புரதம் ஏறியது, ஒரு சிறு மீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. கேரன் கிட் தலைமையில் 2007-ல் முடிவு வெளியானது. லாரிக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா, 83,000 லாரிக்கு ஐந்தாறு கிராம்தான்.

விட்டலோஜெனின் சோதனைக்குக் கல்லூரி உதவி வேண்டும். கண்ணால் பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. கொசுவை ஒழிக்கக் குளத்தில் விட்ட கம்பூசியா மீன். ஆணுக்கு வயிற்றின் அடித் துடுப்பு ஊசி மாதிரி நீண்டிருக்கும், பெண்ணுக்கு விசிறி மாதிரி. ஃபுளோரிடாவில் காகித ஆலைக் கழிவு விழும் ஓடையில் பெண் மீன்களுக்கு ஆண் துடுப்பு வளர்ந்திருந்ததை 1980-ல் பதிவு செய்தார்கள். இது ஈஸ்ட்ரோஜன் வேலை அல்ல, ஆண்மை ஹார்மோன் போல நடிக்கும் பொருளின் அடையாளம். கண்ணாடிக் குடுவையில் இருபது முப்பது மீனைப் பிடித்து, லென்ஸில் பார்த்து, எண்ணி எழுதி, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். பள்ளிப் பிள்ளைகளே செய்வார்கள். மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என்ற விதி இதற்கும் உண்டு.

எண் வந்தபிறகு

முதலில் வெற்று மாதிரியைப் பாருங்கள். ஆற்றில் வந்தது அதைவிடத் தெளிவாக அதிகமாக இல்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மீட்பு 70 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் லேபிடம் திரும்பக் கேளுங்கள். இரட்டைப் பாட்டில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

ஒப்பிட என்ன வைப்பது? ஐரோப்பாவின் 2013 விதிப்படி ஆறு, ஏரிகளுக்கு நோனைல்பீனால் ஆண்டுச் சராசரி வரம்பு லிட்டருக்கு 300 நானோகிராம். குடிநீருக்கான கண்காணிப்புப் பட்டியலிலும் அதே 300, எஸ்ட்ராடையாலுக்கு 1, பிஸ்பீனால்-ஏ வரம்பு 2,500. இவை நம் சட்டம் அல்ல, ஆனால் அளவுகோல் வேண்டும் என்றால் இவற்றை வைத்துப் பேசலாம். ஈஸ்ட் சோதனையின் முடிவு 'எஸ்ட்ராடையாலுக்குச் சமமான நானோகிராம்' என்று வரும். நோனைல்பீனாலின் வீரியம் எஸ்ட்ராடையாலில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான், ஆகவே ஈஸ்ட் சிவந்தால் முதலில் சாக்கடையைச் சந்தேகியுங்கள், பட்டறை அடுத்தது. இதைப் பல பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒரே ஒரு நாள் மாதிரியை வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதாதீர்கள். இரண்டு பருவம், மேல் கீழ், வெற்று மாதிரி, யார் கையிலிருந்து யார் கைக்குப் பாட்டில் போனது என்ற பதிவு எல்லாம் சேர்ந்த கோப்பாகக் கொடுங்கள். அப்படிக் கொடுத்ததை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம்.

தோட்டத்துக்காரருக்கு முடிவை நேரில் போய்ச் சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் கிணற்றின் இடத்தை எங்கேயும் போடாதீர்கள், நாளைக்கு அவர் நிலத்தின் விலையும் பாலின் விலையும் அதில் மாட்டிக்கொள்ளும். ஒரு முறை கிணற்றடியில் ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏங் கண்ணு, எம்புள்ள ஒன்பது வயசுலயே வயசுக்கு வந்துட்டா, இந்தத் தண்ணியாலயா?" என்று கேட்டார். நான் அவரிடம் சொன்னது இதுதான்: ஒரு பாட்டில் தண்ணீரை வைத்து ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி யாராலும் சொல்ல முடியாதுங்க, சத்து, உடல் எடை, பரம்பரை என்று காரணம் பல இருக்கு, பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்க, தண்ணியை நான் பார்க்கிறேன். சொல்லிவிட்டு அந்தக் கிணற்றுக்கு இன்னும் இரண்டு பாட்டில் கூடுதலாக எடுத்தேன். இப்படிக் கேட்பவர்களை இல்லை என்று சொல்லித் தட்டியும் கழிக்காதீர்கள், ஆமாம் என்று சொல்லிப் பயமுறுத்தியும் விடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. செறிவூட்டிய சாற்றில் பாதியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, மைனஸ் 20 டிகிரியில் வைக்கச் சொல்லுங்கள். முடிவை யாராவது மறுத்தால் வேறொரு லேபில் திரும்பப் பார்க்க அதுதான் கையில் இருக்கும். குப்பியின் மேல் சீட்டு ஒட்டுங்கள், பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை மெத்தனால் பட்டால் கரைந்துவிடும்.